மருத்துவர் பதில்: கால் குடைச்சலுக்கு முன்னால் கவனிக்க வேண்டியது

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. பாம்பனில் விசைப்படகு வேலை. ஓராண்டாகப் படுத்தவுடன் கால் குடைகிறது, எறும்பு ஊர்கிறது என்று எழுந்து முற்றத்தில் நடக்கிறார். நடந்தால் அடங்குகிறது. வலி மாத்திரையும், தூக்கத்துக்காகச் சளி மாத்திரையும் கடையில் வாங்கிப் போடுகிறார். கெண்டைக்காலில் நரம்பு முடிச்சும் உண்டு. இணையத்தில் பார்த்த மகன் பார்க்கின்சன் நோய் என்கிறான். கை கால் விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சில நாட்களாக மலம் கறுப்பாகப் போகிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது.
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: கடைசியில் எழுதியதைத்தான், அம்மா, நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். வலி மாத்திரை விழுங்குபவருக்குத் தார்போல் ஒட்டும், நாற்றமுள்ள கறுப்பு மலம் போனால், இரைப்பையில் புண்ணாகி ரத்தம் கசிகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த கடல் நாளைத் தள்ளிவைத்துவிட்டு, இன்றே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தலைசுற்றி விழுந்தாலோ ரத்தமாக வாந்தி எடுத்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

இந்தக் குடைச்சலால் பக்கவாதம் வராது. இது பார்க்கின்சனும் இல்லை. வலை இழுக்கும்போது எட்டிப்பார்க்காத தொல்லை, ராத்திரி பாயில் சாய்ந்ததும் வருகிறது. எழுந்து நடந்தால் போகிறது. ஓய்வற்ற கால் நோய்க்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. பார்க்கின்சனுக்குத் தரும் மருந்துகளில் சிலவற்றைக் குறைந்த அளவில் இதற்கும் தருவார்கள். உங்கள் மகனைக் குழப்பியது அதுவாக இருக்கலாம். அவற்றை நெடுநாள் எடுத்தால் குடைச்சல் மாலையிலேயே தொடங்கி, கைக்கும் பரவக்கூடும். அதனால் இப்போது அவற்றை முதலில் எழுதுவதில்லை. நரம்பு முடிச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த நோய்க்கும் இரும்புச் சத்துக் குறைவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ரத்தம் கசியக் கசிய உடலின் இரும்புச் சேமிப்பு கரைகிறது. மூளைக்குப் போதாதபோது கால் அடங்க மறுக்கிறது. குடைச்சலுக்கென்று போட்ட மாத்திரையே குடைச்சலை வளர்த்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தூக்கம் தருவதாக நம்பிய சளி மாத்திரையும் இந்தக் கால்களுக்கு ஆகாது. மருந்துக்கடைக்காரர் மருத்துவர் இல்லை என்பதை நம் கரையோர ஊர்களில் எத்தனை முறை சொல்வது! இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள்.

ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் இந்த நோய்க்கு இரும்புச் சத்து கொடுப்போம். சிறுநீரகம், சர்க்கரை இரண்டுக்கும் சோதனை வேண்டும். வாய் வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி செய்யச் சொன்னால் மறுக்க வேண்டாம். இரும்பு மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால், மருத்துவர் பார்க்கும் முன் நீங்களாக அதைத் தொடங்கிவிடாதீர்கள். கசிவு தெரியாமல் போய்விடும். அவர் எழுதித் தந்தபின் எலுமிச்சைச் சாறோடு கொடுங்கள். தேநீரை இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். குணம் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதன் பிறகும் தூக்கம் கெட்டால் கபாபென்டின் போன்ற மருந்து இருக்கிறது.

அவர் இதுவரை போட்ட மாத்திரைகளின் அட்டைகளை, காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.