கீழ் வளிமண்டலத்தை உயிரினங்கள் எப்படிப் பயன்படுத்துகின்றன?

உயிரினங்கள் கீழ் வளிமண்டலத்தை எப்படிப் பயன்படுத்துகின்றன, அதற்கேற்ப எப்படித் தகவமைந்திருக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளிப் பாடத்தில் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. காற்றின் சூடு, ஓட்டம், அழுத்தம் எல்லாவற்றிடமும் உயிர்கள் வேலை வாங்குகின்றன. காசிமேட்டுப் பக்கம் வசிப்பவன் என்பதால் வடசென்னையில் கண்ணால் பார்க்கக் கிடைப்பதை வைத்தே சொல்கிறேன்.

மழையும் புயலும் உருவாகும் அடி அடுக்கு நம் பகுதியில் சுமார் 16 முதல் 18 கி.மீ. உயரம் வரை இருக்கிறது. உயிர்களின் நடமாட்டம் பெரும்பாலும் அதன் அடியில், ஒன்றிரண்டு கி.மீ.க்குள்தான்.

மீன்பிடித் துறைமுகத்துப் பருந்துகளைக் கவனியுங்கள். விடியற்காலையில் விசைப்படகுக் கம்பங்களில் உட்கார்ந்திருக்கும். மீன் கழிவுக்காக எழுந்தாலும் இறக்கையை அடித்து அடித்துத்தான் பறக்கும். வெயில் ஏறி, தகரக் கூரையும் தார்ச்சாலையும் கன்டெய்னர் யார்டும் கொதிக்க ஆரம்பித்ததும் அவற்றின் மேலிருந்து சூடான காற்று தூண்தூணாக எழும்பும். பருந்து அதற்குள் புகுந்து வட்டமடித்தே உயரம் போய்விடும். இறக்கையை அசைக்க வேண்டியதில்லை. அங்கிருந்து சறுக்கி அடுத்த தூணுக்குப் போகும். அகன்ற இறக்கை, நுனியில் விரல்விரலாகப் பிரிந்த இறகுகள், திரும்பும் பக்கம் திருகிக்கொள்ளும் பிளவு வால், எல்லாமே இந்த வேலைக்குத் தோதானவை.

மதியம் கடற்காற்று இறங்கியதும் நிலைமை மாறும். குளிர்ந்த காற்று தரையோரமாக நுழைவதால் கரைப்பக்கம் அந்தத் தூண்கள் வலுவிழக்கும். கடற்காற்றின் முன்விளிம்பு ஊருக்குள் நகர நகர, அங்கிருக்கும் சூடான காற்றை மேலே தள்ளும். சின்னப் பூச்சிகள் அந்த விளிம்பில் வந்து குவியும். உழவாரன் குருவிகளுக்கும் தகைவிலான்களுக்கும் அதுதான் வேட்டை.

இதே உயரத்தில்தான் நம் பையன்கள் காத்தாடியும் விடுகிறார்கள். தடை போட்டும் மாஞ்சா ஓயவில்லை. வட்டமடிக்கும் பறவையின் கண்ணுக்கு அந்த நூல் தெரியாது, சிக்கினால் இறக்கை அறுந்துவிடும். தயவுசெய்து சாதா நூலில் விடுங்கள்.

அப்புறம் தட்டான். வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது மைதானங்களின் மேல் கூட்டமாக மிதக்கும் மஞ்சள் தட்டானைப் பார்த்திருப்பீர்கள். நன்னீர் நிலை அரிதான மாலத்தீவிலும் அக்டோபரில் இது லட்சக்கணக்கில் வந்து இறங்குகிறது. சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் 2009-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். கடல்மட்டத்தில் எதிர்க்காற்று வீசினாலும் 1,000 மீட்டருக்கு மேலே வடகிழக்குக் காற்று இருக்கும். தட்டான் அதில் ஏறிக்கொண்டு இந்தியாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிறது என்றார். அகன்ற பின்னிறக்கைதான் அதை மிதக்க வைக்கிறது. இமயமலையைத் தாண்டி நம்மூருக்கு வரும் வரித்தலை வாத்துக்கு வேறு வழி: காற்று மெலிந்த உயரத்திலும் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும் ஹீமோகுளோபின்.

பறக்காத ஒன்றைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். எண்ணூர் கழிமுகத்து அலையாத்தி மரங்கள். அவை நிற்கும் சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. அதனால் வேர்கள் மேல்நோக்கி முளைத்து, சேற்றுக்கு வெளியே குச்சிகுச்சியாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் தோலிலும் நுண்துளைகள், உள்ளே பஞ்சுபோன்ற திசு. நீர் ஏறி வேரை மூடியதும் உள்ளிருக்கும் ஆக்சிஜன் செலவாகும். வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்துபோவதால் உள்ளே அழுத்தம் குறையும். நீர் வற்றித் துளைகள் வெளியே வந்த உடனே காற்று தானாக உள்ளே இழுபடும். இதயமோ நுரையீரலோ இல்லாமல், ஓதத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே ஒரு மரம் மூச்சு விடுகிறது!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து இந்தக் கழிமுகத்தில் பரவியபோது பலரும் செத்த மீனையும் கறுத்த படகுகளையும் பற்றித்தான் பேசினார்கள். அந்த நியாயமான கோபத்தில் வேர்களும் சேர வேண்டும். எண்ணெய்ப் படலம் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால், சுற்றிலும் எவ்வளவு காற்று இருந்தாலும் மரத்துக்கு மூச்சு முட்டும்.

நேரில் பார்க்க வருவதென்றால் நீர் வற்றும் நேரத்தை உள்ளூர் மீனவர்களிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். ஏற்றத்தில் வந்தால் வேர்கள் தெரியாது.