காற்று கொண்டுவந்த குருவி

கேள்வி: ஃபேர் ஐல் தீவில் மரமே கிடையாது, எந்நேரமும் காற்று என்று எழுதியிருந்தீர்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு அக்டோபரில் போய் என்ன பறவை பார்த்தீர்கள்? (வாசகி, தேனி)

பதில்: பறவைகளைக் கொண்டுவந்து சேர்ப்பதே அந்தக் காற்றுதான். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி, ஷெட்லாந்து என்ற இரண்டு தீவுக்கூட்டங்களுக்கு நடுவில் கிடக்கும் சின்னத் தீவு அது, நீளம் சுமார் 5 கிலோமீட்டர். தெற்கே வலசை கிளம்பும் குருவிகளைத் தென்கிழக்குக் காற்று வட கடல் மேல் தள்ளிவிடும், கூடவே மழையும் பிடித்துக்கொண்டால் கண்ணில் பட்ட முதல் தரையில் இறங்கிவிடும். மேற்குக் காற்று என்றால் நாள் முழுக்க நடந்தாலும் ஏமாற்றம்தான். 2018-இல் நான் போனபோது இரண்டு நாள் அப்படித்தான் போயிற்று, மூன்றாம் நாள் விடியற்காலையில் காற்று திரும்பியது.

அங்கே அண்ணாந்து பார்த்துப் பயனில்லை, குனிந்துதான் தேட வேண்டும். கற்சுவர் ஓரம், வாய்க்கால், டர்னிப் பாத்தி, இவ்வளவுதான் ஒதுங்க இடம். சைபீரியாவில் பிறந்த மஞ்சள் புருவக் கதிர்க்குருவி ஒன்று, ஐந்தாறு கிராம்தான் இருக்கும், சுவரில் காற்றுப் படாத பக்கம் ஒண்டிக்கொண்டு கல் இடுக்கில் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது. காற்று ஒவ்வொரு முறை வீசும்போதும் முதுகு இறகு பிரிந்து பிரிந்து மூடியது.

அப்புறம் வாய்க்காலில் ப்ளித் நாணல் கதிர்க்குருவி! கூட வந்தவர்களுக்குக் கை நடுங்கியது, அவ்வளவு அபூர்வம். எனக்கோ தொண்டை அடைத்துக்கொண்டது, ஏனென்றால் மார்கழியில் நம் வீட்டு வேலிக்குள் ஒளிந்துகொண்டு ‘டக், டக்’ என்று குரல் கொடுக்கிறதே, அதே குருவி. பின்லாந்திலிருந்து சைபீரியா வரை கூடு கட்டிவிட்டுக் குளிருக்கு நம் பக்கம் வருவது, இது தென்கிழக்கே வராமல் மேற்கே போய்விட்டது. களைத்துப் போயிருந்ததால் யாரும் கிட்டே போகவில்லை, தள்ளி நின்றே பார்த்தோம்.

ராத்திரி பறவை ஆய்வு நிலையத்தில் கணக்கெடுப்பு. ஸ்காட்லாந்துப் பறவையியலாளர் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியில் போர்க் கைதியாக இருந்தபோதே திட்டம் போட்டு 1948-இல் தொடங்கிய இடம் அது (நான் தங்கிய கட்டடம் 2019 மார்ச்சில் எரிந்துபோனது, இன்றைக்கும் மனசு ஆறவில்லை). ஒவ்வொரு பறவையின் பெயராக வாசிப்பார்கள், எத்தனை பார்த்தோம் என்று நாம் சொல்ல வேண்டும். ப்ளித் நாணல் கதிர்க்குருவி என்றதும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். “ஒன்று” என்றேன்.