வாசகர் கேள்வி: உடைந்த பீங்கானில் ஒரு மயில்

கேள்வி: பினாங்கு ஜோர்ஜ்டவுனில் உள்ள சீனக் குல மன்றமான கூ கொங்சியின் கூரையிலுள்ள டிராகன்களும் பூக்களும் பீங்கான் துண்டுகளால் ஆனவை என்கிறார்கள். சண்டிகர் பாறைத் தோட்டமும் உடைசல்களால் ஆனதே. இரண்டும் ஒரே கலையா? வீட்டுத் தோட்டத்தில் உடைந்த ஓடுகளால் நான் ஒரு மயில் செய்தால் அது மழையைத் தாங்குமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: பொருள் ஒன்று, வந்த வழி வேறு. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட கூ கொங்சியின் கூரையில் நீங்கள் காண்பது, தென் சீனத்துக் கைவினைஞர்கள் ஆசானிடம் பயின்ற தொழில். கம்பியால் கூடு கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசி, வண்ணப் பீங்கான் மங்குகளைச் செதில் செதிலாக நறுக்கி, சாந்து இறுகுமுன் பதிப்பார்கள். நம் கோபுரச் சுதை வேலையை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. ஆனால் சுதையின் வண்ணத்தைக் குடமுழுக்குதோறும் புதுப்பிக்க வேண்டியிருக்க, பீங்கானின் வண்ணம் சூளையிலேயே ஏறிவிடுவதால் எளிதில் வெளுப்பதில்லை.

சண்டிகர் பாறைத் தோட்டத்தை உருவாக்கிய நேக் சந்துக்கு ஆசானும் இல்லை, அனுமதியும் இல்லை. பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்த அவர், புதிய நகருக்காக இடிக்கப்பட்ட ஊர்களின் உடைசல்களைக் கொண்டு 1957 முதல் அரசுக் காட்டு நிலத்தில் இரகசியமாகச் சிற்பங்கள் செய்துவந்தார். அதிகாரிகள் கண்டுபிடித்தபோது இடிபடவிருந்த தோட்டம், 1976இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அரசு இயந்திரம் தன் விதிமீறலைத் தானே போற்றிய இத்தகைய நிகழ்ச்சி அரிது.

தாங்குமா என்ற கேள்விக்கு லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் கோபுரங்களே தக்க சான்று. இத்தாலியிலிருந்து குடியேறிய சைமன் ரோடியா, 1921 முதல் 1954 வரை தனியாளாக, பற்றவைப்பும் திருகாணியும் இன்றி, எஃகுக் கம்பிகளை வலையால் சுற்றிச் சாந்து பூசி, ஓட்டுச்சில், சிப்பி, புட்டித் துண்டுகளைப் பதித்து, ஏறத்தாழ 30 மீட்டர் உயரம் வரை எழுப்பினார். பாதுகாப்பற்றவை என்று நகராட்சி இடிக்க முனைந்தபோது, 1959இல் 10,000 பவுண்டு விசையில் பக்கவாட்டில் இழுத்துச் சோதித்தார்கள். கோபுரம் அசையவில்லை, சோதனைக் கருவிதான் வளைந்தது.

ஆகவே மயிலின் ஆயுள் ஓட்டுச்சில்லில் இல்லை, உள்ளே இருக்கும் கம்பியில் இருக்கிறது. விரிசல் வழியே நீர் புகுந்தால் கம்பி துருப்பிடித்துப் பருத்து, சாந்தைப் பிளந்துவிடும். பட்டர்வொர்த்தின் உப்புக்காற்றில் இது விரைவாகவே நிகழும். துத்தநாகம் பூசிய கம்பியை வாங்குங்கள். எந்த முனையும் வெளியே தெரியாதபடி சாந்தால் மூடுங்கள். சில்களைப் பதிக்குமுன் நீரில் ஊறவையுங்கள். தோகையை விரித்த நிலையில் செய்ய வேண்டாம். காற்று முழுவதையும் அதுவே வாங்கும்.