மாடியில் விழுந்த மழை எங்கே போச்சு?

கேள்வி: அரசுப் பள்ளியில் 9ஆம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். சுற்றுச்சூழல் பாடத்தை ஆய்வுவழிக் கற்றலாக நடத்தச் சொல்கிறார்கள். பிள்ளைகளோ நெட்டில் இருப்பதை சார்ட்டில் எழுதி ஒட்டிவிடுகிறார்கள். 42 பேர், 45 நிமிட பீரியட், போர்ஷன் வேறு முடிக்க வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது டீச்சர். 'சுற்றுச்சூழலை எப்படிப் பாதுகாப்பது?' என்று கேட்டால் யாராக இருந்தாலும் 'மரம் வளர்ப்போம்' என்றுதான் எழுதிக்கொண்டு வருவார்கள். கேள்வி சிறியதாக, காம்பவுண்டுக்குள்ளேயே அளந்து பார்க்கக் கூடியதாக இருக்கட்டும். விடை உங்களுக்கே தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

என் முதல் சிபாரிசு மழைநீர். தமிழ்நாட்டில் 2003லேயே கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள், அதனால் உங்கள் பள்ளியிலும் எங்காவது ஒரு குழாயும் குழியும் இருக்க வாய்ப்பு அதிகம். மாடியில் விழும் மழை அந்தக் குழிக்குப் போய்ச் சேர்கிறதா? இவ்வளவுதான் கேள்வி.

முதல் பீரியடில் ஆளுக்கு ஓர் ஊகமும் அதற்கான காரணமும் நோட்டில் எழுதட்டும். தப்பான ஊகத்தைத் திருத்தாதீர்கள் (நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே!). அடுத்த பீரியட் டேப்போடு வெளியே. யாரையும் மாடிக்கு ஏற்ற வேண்டாம், தரையிலிருந்தே சுவரோரமாக நீள அகலம் எடுத்தால் போதும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆக 20 மீட்டருக்கு 8 மீட்டர் மாடியில் 5 செ.மீ. மழை என்றால் 8,000 லிட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் எட்டு. மாடி உறிஞ்சுவது, சிதறுவது என்று கொஞ்சம் குறையும், எவ்வளவு குறையும் என்பதையும் அவர்களே யோசிக்கட்டும். மழையை அளக்க, மேலும் கீழும் ஒரே அகலமுள்ள ஒரு டப்பாவும் ஸ்கேலும் போதும்.

அப்புறம் குழாயைப் பின்தொடர்வது. ஆட்டம் சூடு பிடிப்பது இங்கேதான். நான் பயிற்சிக்குப் போன ஒரு பள்ளியில் ராத்திரி முழுக்க மழை, காலையில் பார்த்தால் குழிக்குள் ஜல்லி காய்ந்து கிடக்கிறது. எல்லோரும் 'பூமி குடிச்சிருச்சு' என்றார்கள். ஒரு பெண் மட்டும் நம்பாமல் குழாய் போகும் வழியிலேயே நடந்து போய், அது நேராகத் தெருச் சாக்கடையில் முடிவதைக் காட்டினாள். அன்றைக்கு நான் பாடம் எதுவும் நடத்தவில்லை, நடத்தத் தேவையும் வரவில்லை.

42 பேரை ஏழேழு பேராக ஆறு குழுவாக்குங்கள், குழாய்கள் குறைவாக இருந்தால் ஒரே குழாயை இரண்டு குழுக்கள் தனித்தனியே அளக்கட்டும். கணக்கு ஒத்துப்போகாது. யாருடையது சரி, ஏன் என்று அவர்கள் சண்டை போடும் அந்த அரை மணி நேரத்தைப் போர்ஷனுக்குப் பயந்து வெட்டிவிடாதீர்கள், வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். மொத்தம் நான்கு பீரியட் போதும், பரப்பளவு கணக்கை கணித ஆசிரியர் தலையில் கட்டினால் மூன்றிலேயே முடியும்.

காலாண்டு விடுமுறை முடிந்த கையோடு தொடங்குங்கள், வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் வரும். மழை ஏமாற்றினால் ஒழுகும் குழாயைப் பிடியுங்கள்: பத்து நிமிடத்தில் கால் லிட்டர் சொட்டினால் ஒரு நாளைக்கு 36 லிட்டர்.

ஒன்று மட்டும், தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழி அடைத்துக் கிடப்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்து நோட்டீஸ் போர்டில் படம் வரைந்து ஒட்டிய பிறகு சொன்னால், உங்களைக் கூப்பிட்டு நடக்கும் விசாரணை வேறு மாதிரி இருக்கும்.