இலங்கை மலையகத்தில் ஒரு சிறிய வடிவமைப்பு நிலையத்தின் கோடைகாலம் எப்படி இருக்கும்? புதிய யோசனைகள் எங்கிருந்து கிடைக்கின்றன?

மலையகத்தில் கோடை என்பது நீங்கள் எந்தப் பக்கத்து மலையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜூலையில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் குடையில்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. அதே நாளில் பதுளை ரயிலில் ஏறி, பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்தைக் கடந்தால் பெரும்பாலும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய காற்றாக ஊவா மாகாணத்துக்குள் இறங்குகிறது. கச்சான் என்று சொல்வோம். எங்கள் நிலையம் ஊவாவில், பண்டாரவளையில் இருக்கிறது. ஆகவே ஜூலை தொடங்கிச் செப்டெம்பர் வரை, கச்சான் வீசும் மாதங்களே எங்கள் கோடை.

நாங்கள் மூன்று பேர். நான், எழுத்துரு வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி, பதினைந்து வருடம் அச்சகத்தில் இருந்துவிட்டு எங்களோடு சேர்ந்த அண்ணன் ஒருவர். கொப்பி, பேனை விற்கும் கடையின் மாடியில் ஒரே அறை, மேலே தகரக் கூரை. பகல் பதினொரு மணிக்கெல்லாம் கூரை சுட ஆரம்பித்துவிடும். சன்னலைத் திறந்தால் காற்று மேசையைத் துடைத்துக்கொண்டு போய்விடும். எங்களிடம் உள்ள தாள்கள் எல்லாவற்றின் மேலும் ஆற்றுக்கல் இருக்கிறது. அதனால் கோடையில் காலை ஆறு மணிக்கே வேலையைத் தொடங்குகிறோம். கவனம் தேவைப்படும் வேலை அனைத்தும் பத்தரைக்கு முன். மதியத்துக்குப் பிறகு தொலைபேசி, கணக்கு, அச்சகத்துக்கு ஓட்டம். நாலு மணிக்கு மேல் தேயிலை மலைப் பாதையில் நடை. இந்த நடையை நான் வேலை நேரமாகவே கணக்கிடுகிறேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வருமானம் தரும் வேலைகள் இந்த மாதங்களில் நிறைய வரும். எல்லவில் வெளிநாட்டுப் பயணிகள் நிறைந்திருப்பார்கள். விடுதிகளுக்குப் பெயர்ப்பலகை, உணவுப் பட்டியல். பத்தில் எட்டுப் பேர் தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தைத்தான் சின்னமாகக் கேட்பார்கள். 1921இல் கட்டி முடித்த அந்தப் பாலம் அழகானதுதான், ஆனால் ஒரே தெருவில் பத்துப் பலகையிலும் அதுவே இருந்தால் எந்த விடுதியையும் யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்வதும் எங்கள் வேலையில் ஒரு பகுதி. ஆடி மாதத்தில் தோட்டத்துக் கோயில்களின் திருவிழா அறிவித்தல்கள் வரும். அவற்றின் வாசகங்கள் இன்றும் யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டச்சாகித்தான் வருகின்றன. யூனிகோடுக்கு மாற்றி, உபயகாரர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதற்கே அரைநாள் போய்விடும். உபயகாரர் பெயரில் ஒரு புள்ளி விடுபட்டாலும் அது ஒரு குடும்பத்துக்கு மனவருத்தம்.

யோசனை எங்கிருந்து வருகிறது என்பதற்கு, போன கோடையில் நடந்த ஒன்றைச் சொல்வதே சரியான பதிலாக இருக்கும்.

ஹப்புத்தளைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை நிலம், சிறிய அளவில் பொதிசெய்து விற்கும் தொழில். கச்சான் காலத்துக் கொழுந்துக்கென்று தனியான பொதியுறை வேண்டும் என்றார். ஊவாத் தேயிலையின் பெயர்போன மணம் இந்த மாதங்களில்தான் ஏறுகிறது; காய்ந்த காற்றில் செடி வாடித் தவிப்பதுதான் அந்த மணத்துக்குக் காரணம். "கொழுந்து பறிக்கிற பெண் படம் ஒன்று போட்டுக்கொடுங்கள் தம்பி. கூடையோடு, சிரித்த மாதிரி."

என் அம்மா முப்பத்தொரு வருடம் மலையில் கொழுந்து பறித்தவர். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, கையில் செடியின் மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு, காலில் அட்டைக்கடி. அவர் சிரிக்காதவர் இல்லை. லயத்து வீட்டுவரிசையின் வாசலில் பெண்கள் கூடினால் அவர் சிரிப்புத்தான் முதலில் கேட்கும். ஆனால் பொதிகளில் சிரிக்கும் அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை, வயது இல்லை, கையில் கறை இல்லை. கொழுந்துக் கறை விரல்களில் எப்படிக் கறுத்துக் கிடக்கும் என்று பார்த்து வளர்ந்த எனக்கு அந்தப் படத்தை வரைய மனம் வரவில்லை. பெரியவரிடம் அதை மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அப்படியென்றால் வேறு என்ன போடுவீர்கள்?" என்று கேட்டார். பதில் என்னிடம் இல்லை. இரண்டு வாரம் தவணை கேட்டேன்.

வீட்டில் ஒரு தகடு இருந்தது. அப்பா தொழிற்சாலையில் பொதியறையில் வேலை செய்தவர். தேயிலை மரப்பெட்டிகளில் போன காலத்தில், தோட்டத்தின் பெயர், பி.ஓ.பி., பெக்கோ என்ற தரம், எடை எல்லாவற்றையும் எழுத்து வெட்டிய தகட்டை வைத்து மை தடவிப் பதிப்பார்கள். பிறகு காகிதச் சாக்குகள் வந்துவிட்டன. கழித்துப்போட்ட தகடு ஒன்றை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்; எங்கள் அடுப்பங்கரையில் அது விறகுக்குத் தடுப்பாக நின்றது. அதிலிருந்தவை எல்லாமே ஆங்கில எழுத்துகள். தமிழில் இப்படி வெட்டினால் எப்படி இருக்கும் என்று அன்றிரவு தோன்றியது.

மறுநாள் மட்டையில் 'ஊவா' என்று வெட்டினோம். 'வ'வின் சுழிக்குள் இருந்த துண்டு கையோடு விழுந்துவிட்டது. அப்பாவிடம் கேட்டேன். "முழுக்க வெட்டினால் நடு விழத்தான் செய்யும். ஓரிடத்தில் பிடி விட்டு வெட்ட வேண்டும்" என்றார். பிடி விட்டதும் 'ஊவா' நின்றது. 'தேயிலை'தான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. 'லை'யின் சங்கிலிக் கொம்பில் அடுத்தடுத்து இரண்டு சுழி. இரண்டுக்கும் பிடி விட்டால் எழுத்து எழுத்தாகத் தெரியவில்லை, உடைந்த கம்பி போலத் தெரிந்தது. சங்கிலிக் கொம்பு போட்ட இந்த 'லை', தமிழ்நாட்டில் 1978இல் செய்த எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பரவிய வடிவம்.

விடை மாலை நடையில் கிடைத்தது. பாதையோரப் பழைய தொழிற்சாலைச் சுவரில் 'தேயிலைத் தொழிற்சாலை' என்று யாரோ ஓர் ஓவியர் தூரிகையால் எழுதியிருந்தார். எத்தனையோ நாள் அதைக் கடந்து போயிருக்கிறேன். அன்று சாய்ந்த வெயில் நேராக அதன் மேல் விழுந்திருந்தது. இரண்டு 'லை'யும் பழைய வடிவத்தில், தும்பிக்கை தூக்கியதுபோல் மேலே வளைந்து நின்றன. அந்தத் தும்பிக்கையில் மூடிய சுழி கிடையாது. தகட்டில் வெட்டப் பிறந்த எழுத்து!

நிறத்துக்கும் அதிகம் அலையவில்லை. பொதிகளில் வழக்கமாக வரும் பளிச்சென்ற பச்சை, பறித்த கணத்துக் கொழுந்தின் பச்சை. எங்களுக்கு வாட்டிய கொழுந்தின் நிறம் வேண்டியிருந்தது. பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர்தான். வாட்டும்போது அது குறையக் குறையப் பச்சை மங்கி, இலை துணிபோல் மெத்தென்று ஆகும். ஒரு கைப்பிடி வாங்கிவந்து சன்னலோரம் பரப்பி, அச்சக அண்ணன் மை கலந்து ஒப்பிட்டார். ஒரு மணி நேரத்தில் இலையின் நிறம் இன்னும் மாறிவிட்டது, மறுபடி கலந்தார். பின்னணிக்கு எதிர்மலையில் காய்ந்து கிடந்த மானாப்புல்லின் வைக்கோல் நிறம். சிங்களத்தில் 'தே' என்று ஓரெழுத்தில் முடிவதால் மூன்று மொழிப் பொதிகளில் நீளமான 'தேயிலை' எப்போதும் சுருங்கிப்போகும். இதில் அதை முகப்பின் முழு அகலத்துக்கும் விட்டோம்.

பெரியவர் பேத்தியோடு வந்தார். மாதிரியை வாங்கி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தடங்கலில்லாமல் "ஊவாத் தேயிலை" என்று வாசித்தார். பேத்தி எட்டிப் பார்த்து, "தாத்தா, இது என்ன எழுத்து?" என்று அந்த 'லை'யைத் தொட்டாள். அவர் சட்டைப்பையிலிருந்து பில் புத்தகத்தை எடுத்து, அதன் பின்புறத்தில் பெரிதாக எழுதிக் காட்டினார். முதலில் 'ல', பிறகு அதன் முன்னால் தும்பிக்கை. அவள் பேனையை வாங்கி இரண்டு முறை எழுதிப் பார்த்தாள். மூன்றாவது முறை வளைவு சரியாக வந்தது.

"இதையே அச்சடியுங்கள் தம்பி" என்றார்.