கார்டு கெடவில்லை, பெயர்தான் மாறிவிட்டது

கேள்வி: அப்பாவின் பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் 7 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. நெட்வொர்க் கார்டு செத்துப்போனதால் நண்பர் கொடுத்த ரியல்டெக் 8139 கார்டைப் போட்டேன். கேபிளைச் செருகினால் விளக்கு எரிகிறது, ஆனால் இணையம் இல்லை. 'ஈத்0' (eth0) என்ற நெட்வொர்க் சாதனமே இல்லை என்கிறது. இதுவும் கெட்ட கார்டுதானா?
– வாசகர், ஈசூன்

பதில்: இல்லைங்க, புதுக் கார்டு வாங்க சிம் லிம் ஸ்குவேர் கடைகளுக்குக் கிளம்பிவிடாதீர்கள். விளக்கு எரிகிறது என்றால் கார்டுக்கு உயிர் இருக்கிறது, கேபிளும் சரி. அந்தக் காலத்து லினக்ஸ், ஒரு கார்டை முதன்முதலில் பார்த்ததுமே அதன் மேக் முகவரியை, அதாவது அந்தக் கார்டுக்கே உரிய அடையாள எண்ணை, ஒரு கோப்பில் எழுதி 'இதுதான் ஈத்0' என்று பதிந்து வைத்துக்கொள்ளும். பழைய கார்டைக் கழற்றினாலும் அந்த வரி அப்படியே இருக்கும், அதனால் புதிதாக வந்த கார்டுக்கு ஈத்1 என்று பெயர் விழுகிறது. உங்கள் நெட்வொர்க் அமைப்போ இன்னும் ஈத்0-வையே தேடிக்கொண்டிருக்கிறது. நானும் இது தெரியாமல் நல்ல கார்டு இரண்டைக் கெட்டது என்று ஒதுக்கி வைத்திருந்தேன், அதனால்தான் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் சாளரத்தில், ரூட் ஆக (முழு அதிகாரம் உள்ள பயனராக) நுழைந்து 'ஐஃப்கான்ஃபிக்' (ifconfig) என்று மட்டும் அடித்தால் ஓடுகிற கார்டுதான் தெரியும். ஒரு இடைவெளி விட்டு, சிறு கோடும் 'ஏ' எழுத்தும் சேர்த்து அடித்தால் சும்மா கிடப்பதும் தெரியும். அங்கே ஈத்1 நிற்கும். அதன் பக்கத்தில் இரண்டிரண்டாக ஆறு ஜோடி எழுத்தும் எண்ணும் இருக்கிறதே, அதுதான் மேக் முகவரி, குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ரூட் ஆகவே இருந்து, எட்சி (etc) அடைவுக்குள் யூடெவ், அதற்குள் ரூல்ஸ்.டி என்று போனால் '70' என்று தொடங்கி 'பெர்சிஸ்டென்ட் நெட்' என்று பெயருள்ள கோப்பு கிடைக்கும். ஒரு நகல் எடுத்து வேறு அடைவில் வைத்துவிட்டுத் திறங்கள். கார்டுக்கு ஒரு வரி இருக்கும். பழைய முகவரி உள்ள வரியை நீக்கி, நீங்கள் குறித்த முகவரி உள்ள வரியின் கடைசியில் ஈத்1 என்பதை ஈத்0 ஆக்கிச் சேமித்து, கணினியை அணைத்துப் போடுங்கள். அவ்வளவுதான்.

ஈத்1 கண்ணிலேயே படவில்லை என்றால் மட்டும் பெட்டியைத் திறக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கார்டின் அடியில் உள்ள தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, அழுத்திச் செருகுங்கள். நம்ம ஊர் ஈரக் காற்றில் அந்தப் பற்கள் மங்கிப்போவது உண்டு.

இணையம் வந்ததும் அந்தக் கணினியில் சிங்பாஸ் (அரசுச் சேவைகளுக்கான மின் அடையாளம்), வங்கி வேலை எதுவும் வேண்டாம், டெபியன் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2018-லேயே நின்றுவிட்டன. அப்பாவின் படங்கள், கடிதங்கள் இருந்தால் முதல் வேலையாக அவற்றை வேறிடத்துக்கு நகல் எடுங்கள்.