கேளுங்க, சொல்லுதேன்: தூரத்துக் கம்ப்யூட்டர் திறக்காவிட்டால்

ரிமோட் டெஸ்க்டாப் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டேன். லினக்ஸில் உட்கார்ந்துகொண்டு வேறோர் இடத்துக் கம்ப்யூட்டரைத் திறந்து வேலை பார்க்கிறவர்கள் நம் மாவட்டத்தில் இவ்வளவு பேரா என்று எனக்கே ஆச்சரியம். ஆனால் பெரும்பாலோர் "கனெக்ட் ஆகவில்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். திரையில் என்ன வரி வந்தது என்று எழுதினால்தானே ஏதாவது சொல்ல முடியும்? குலசேகரத்துக்காரர் ஒருவர்தான் நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தார். முதல் இடம் அவருக்கு.

அண்ணாச்சி, ரப்பர் வாங்கி விற்கும் கடையில் கணக்கு எழுதுகிறேன். கீழே குடோனில் லினக்ஸ் மின்ட் போட்ட பழைய மெஷின். மாடியில் முதலாளி அறையில் விண்டோஸ் 11 ப்ரோ, அதில்தான் டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேர். ஷீட்டும் ஒட்டுப்பாலும் எடை போட்டதும் கீழே இருந்தே ரெம்மினா என்ற ரிமோட் டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் வழியாக டாலியில் ஏற்றிவிடுவேன். போன வாரம் இடி மழையில் கரண்ட் போய் வந்தது. மறுநாள் திறந்தால் 'சர்ட்டிஃபிகேட் மாறியிருக்கிறது, ஏற்கலாமா' என்று கேட்டது. சரி என்று கொடுத்தேன். இப்போது பாஸ்வேர்டு தப்பு என்கிறது. பாஸ்வேர்டை மாற்றவே இல்லை என்று முதலாளி சத்தியம் செய்கிறார். மாடியில் அவர் மகனுக்கும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு, அதில் டாலி கிடையாது. — குலசேகரம் வாசகர்

முதலாளியை நம்புங்கள். நீங்கள் இப்போது திறக்கப் பார்ப்பது அவர் மகனுடைய கம்ப்யூட்டராக இருக்கும்.

உங்கள் மோடம்தான் கடையிலுள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 192.168.1.20 என்பது போல ஓர் எண் கொடுக்கிறது. கரண்ட் போய் வந்ததும் எல்லாம் புதிதாக எண் கேட்டு நிற்கும். மகன் தன் மெஷினை முதலில் போட்டிருப்பார், பழைய எண் அதற்குப் போயிருக்கும். ரெம்மினாவில் நீங்கள் சேமித்து வைத்திருப்பதோ வெறும் எண். அந்த எண்ணில் இன்றைக்கு யார் இருக்கிறார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? சர்ட்டிஃபிகேட் என்பது எதிர்முனைக் கம்ப்யூட்டரின் அடையாள அட்டை. தெரியாத ஆள் நிற்கிறான் என்றுதான் அந்த சர்ட்டிஃபிகேட் பெட்டியைக் காட்டியது. நாம் எல்லோரும் அதைப் படிக்காமலே சரி கொடுக்கிறோம்.

அந்தப் பெட்டியில் சப்ஜெக்ட் என்ற வரியைப் பாருங்கள். எதிர்முனைக் கம்ப்யூட்டரின் பெயர் அதில் இருக்கும். மாடிக்குப் போய் முதலாளி மெஷினில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ஹோஸ்ட்நேம் என்று அடித்தால் அதன் பெயர் வரும், ஐபிகான்ஃபிக் என்று அடித்தால் இன்றைய எண் வரும். பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். புதிய எண்ணை ரெம்மினாவில் மாற்றினால் இன்றைக்கு வேலை ஓடும். அடுத்த மழைக்கு மறுபடியும் இதே கூத்து வராமல் இருக்க, மோடத்தின் செட்டிங் பக்கத்தில் எண்களைக் கொடுக்கும் டிஎச்சிபி என்ற பகுதிக்குப் போய் முதலாளி மெஷினுக்கு ஓர் எண்ணை ரிசர்வ் செய்துவிடுங்கள்.

பழைய எண்ணையே அதற்கு ரிசர்வ் செய்தால் ரெம்மினா இன்னொரு தடவை 'சர்ட்டிஃபிகேட் மாறிவிட்டது' என்று சொல்லும். மகனுடைய மெஷினைத்தான் நீங்கள் போன வாரம் ஏற்றுக்கொண்டுவிட்டீர்களே! இந்த முறை பெயரைப் படித்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். விண்டோஸ் தானாகச் செய்துகொள்ளும் இந்த சர்ட்டிஃபிகேட்டுக்கு ஆயுள் 6 மாதம். அதனால் பெயர் அதுவாகவே இருந்து கைரேகை போன்ற அந்த நீள எண் மட்டும் மாறினால் பெரும்பாலும் புதுப்பித்ததாகத்தான் இருக்கும்.

"கனெக்ட் ஆகவில்லை" கோஷ்டிக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலில் டெர்மினலைத் திறந்து என்சி என்ற இரண்டெழுத்துக் கட்டளை, ஒரு இடைவெளி, ஹைபன் போட்டு இசட்வி, அப்புறம் எதிர்முனையின் எண், அப்புறம் 3389 என்று அடியுங்கள். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில். 3389 என்பது விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசல். 'சக்சீடட்' என்று வந்தால் பாதை சரி, கோளாறு லாகினில் அல்லது திரையில். வடசேரி பஸ் ஸ்டாண்டு விசாரணைக் கவுண்டரில் கேட்டதும் "அந்த பஸ் இங்கே வராது" என்று பதில் வருவது மாதிரி 'ரெஃபியூஸ்டு' என்று சட்டென்று வந்தால், மெஷின் உயிரோடு இருக்கிறது, ரிமோட் டெஸ்க்டாப்பைத்தான் ஆன் செய்யவில்லை. கவுண்டரில் ஆளே இல்லாமல் நிற்பது போல வெகுநேரம் இழுத்து 'டைம்டு அவுட்' ஆனால் மெஷின் அணைந்திருக்கிறது, தூங்குகிறது, எண் தப்பு, அல்லது ஃபயர்வால் மறிக்கிறது.

தூங்குவதுதான் அதிகம். விண்டோஸில் பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை 'நெவர்' ஆக்குங்கள். கரண்ட் வந்தும் மெஷின் தானாக எழும்பவில்லை என்றால் பயாஸில் (விண்டோஸ் எழும்புவதற்கு முன்பு வரும் அடிப்படை செட்டிங் திரை) ஏசி பவர் லாஸ் என்று ஓர் இடம் இருக்கும், அதை 'பவர் ஆன்' என்று வைக்க வேண்டும். ஐப்பசி மழை மாதத்தில் நம் ஊரில் இந்த ஒரு செட்டிங் இல்லாமல் ரிமோட் டெஸ்க்டாப் வைத்துக்கொள்வது வீண்.

இன்னொன்று. பாஸ்வேர்டு சரிதான் என்று அடம்பிடிக்கிறவர்களிடம் கேட்டால் பலர் சொல்வது 4 இலக்க பின் நம்பரை. பின் அந்த மெஷினின் முன்னால் உட்கார்ந்தால்தான் செல்லும், தூரத்திலிருந்து முழு பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கையும் விண்டோஸ் தூரத்திலிருந்து உள்ளே விடாது.

சார், நாகர்கோவிலில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. வீட்டு லேப்டாப்பில் உபுண்டு. அலுவலக விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் போகும் தனிப்பாதை) வழியாக ரெம்மினாவில் அலுவலக விண்டோஸுக்குள் போனால் எல்லாம் வருகிறது, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் மட்டும் தெரியவில்லை. அது அலுவலக மெஷினில்தான் குத்தியிருக்கிறது. அங்கே நேரில் உட்கார்ந்தால் தெரிகிறது! — தக்கலை வாசகி

தங்கச்சி, இது கோளாறே இல்லை, விண்டோஸின் ஏற்பாடே அப்படித்தான். ஆர்டிபி (விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் பேசும் பாஷை) வழியாக உள்ளே போனவருக்கு ஸ்மார்ட் கார்டு என்றால் அவர் கையில் இருக்கும் கார்டைத்தான் விண்டோஸ் தேடும், அந்த மெஷினில் குத்தியதைக் காட்டாது. உங்கள் டோக்கனும் அதன் கண்ணுக்கு ஒரு ஸ்மார்ட் கார்டுதான். டிரைவரை அழித்துப் போட்டாலும் யுஎஸ்பி வாசலை மாற்றினாலும் ஒன்றும் நடக்காது. அதற்காக ஆள் கூப்பிட்டுக் காசு கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டு வழி உண்டு. டோக்கன் உங்கள் கையில் இருந்தால் லேப்டாப்பில் குத்தி, ரெம்மினாவில் அந்தக் கனெக்ஷனின் அட்வான்ஸ்டு பக்கத்தில் ஸ்மார்ட் கார்டைப் பகிரும் பெட்டியை டிக் செய்யுங்கள். உபுண்டுவில் பிசிஎஸ்சிடி என்ற சேவை ஓட வேண்டும், டோக்கனின் டிரைவர் விண்டோஸ் பக்கம் இருக்க வேண்டும். சில டோக்கன்கள் இதற்கு மசியும், சில மசியாது. டோக்கன் அலுவலகத்திலேயே இருக்கட்டும் என்றால் ஆர்டிபியை விட்டுவிட்டு விஎன்சி மாதிரி, நேரில் இருக்கும் அதே திரையைக் காட்டுகிற ஒன்றைப் போடுங்கள். ரெம்மினாவே விஎன்சியும் பேசும், வாசல் 5900. அந்தத் திரையில் டோக்கன் தெரியும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அந்த டோக்கன் உங்கள் பெயரில் உள்ளதா? ஆடிட்டர் பெயரில் அல்லது கட்சிக்காரர் பெயரில் இருந்தால், அதை இரவும் பகலும் மெஷினில் குத்தி வைத்து, பின் நம்பரையும் ஊழியர்களிடம் சொல்லி வைப்பது வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான். நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தால் கேள்வி யாரிடம் வரும் என்று ஆடிட்டரிடமே கேளுங்கள்.

அண்ணா, வெளியிலிருந்து ஆர்டிபியில் உள்ளே வர வீட்டு உபுண்டு டெஸ்க்டாப்பில் எக்ஸ்ஆர்டிபி போட்டிருக்கிறேன். கல்லூரியில் லேப்டாப்பிலிருந்து ரெம்மினாவில் போனால் லாகின் ஏற்கிறது, அப்புறம் கருப்புத் திரைதான். — குளச்சல் மாணவர்

காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது டெஸ்க்டாப்பில் லாகின் செய்தபடியே விட்டுவிட்டு வந்திருப்பாய் மக்கா. ஒரே ஆள் நேரிலும் உள்ளே இருந்து, எக்ஸ்ஆர்டிபி வழியாகவும் இன்னொரு டெஸ்க்டாப் கேட்டால் உபுண்டு இப்படித்தான் கருப்பைக் காட்டும், அல்லது கதவைச் சாத்திவிடும். திரையைப் பூட்டினால் போதாது, லாக் அவுட் செய்ய வேண்டும். ஆட்டோ லாகின் வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடு.

திறந்து வைத்த அதே திரைதான் வேண்டுமென்றால் எக்ஸ்ஆர்டிபியை நீக்கிவிட்டு, உபுண்டுவிலேயே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பைப் போட்டுக்கொள். 22.04 பதிப்பு முதல் அது ஆர்டிபியே பேசுகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டால் 3389 வாசலுக்குச் சண்டை வரும். இதிலும் ஆட்டோ லாகின் ஆகாது: பாஸ்வேர்டு இருக்கும் கீரிங் பூட்டியே கிடக்கும், ரெம்மினா பாஸ்வேர்டு தப்பு என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

விண்டோஸுக்குள் போகும்போது கருப்புத் திரை வந்தால் கதை வேறு. ரெம்மினாவில் கலர் டெப்த்தை ஆட்டோமேட்டிக்கிலிருந்து எடுத்து 16 அல்லது 24 பிட் வைத்துப் பார்.

கருங்கல்லில் அப்பா கல்யாணக் கார்டு டிடிபி கடை வைத்திருக்கிறார். கார்டு வடிவமைக்கும் பேஜ்மேக்கருக்காக விண்டோஸ் 7 ப்ரொஃபெஷனலை விடமாட்டேன் என்கிறார். நான் பெங்களூரில் லினக்ஸ் லேப்டாப்பில் இருந்து உதவ வேண்டும். வெளியிலிருந்து 3389-க்கு வருவதை அப்பா மெஷினுக்கு அனுப்பும்படி மோடத்தில் ஃபார்வர்டு செய்தும் டைம்டு அவுட். ஊருக்கு வந்து ஒரே வைஃபையில் பார்த்தாலும் டிஎல்எஸ் எரர் வருகிறது. — பெங்களூர் வாசகர்

டைம்டு அவுட் ஆனது உங்கள் அதிர்ஷ்டம். அந்த ஃபார்வர்டை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றது 2020 ஜனவரியில். ரிமோட் டெஸ்க்டாப்பில் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழையவிடும் ஓட்டை 2019 மே மாதம் வெளிவந்தபோது, எப்போதோ கைவிட்ட எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் விட்டது. அவ்வளவு மோசமான ஓட்டை. அப்பா மெஷினில் அந்தத் திருத்தம் ஏறியதா என்று யார் கண்டது?

ஃபார்வர்டு வேலை செய்யாததற்குக் காரணம் இணைய நிறுவனத்தின் பக்கம். இணையத்தில் முகவரியாக இருக்கும் ஐபிவி4 எண்களே மொத்தம் 430 கோடிக்குக் கொஞ்சம் குறைவு, ஊர் முழுக்கப் பங்கிட்டுத்தான் தருகிறார்கள். மோடத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி (மோடத்தின் வெளிப்பக்க எண்) 100.64-இலிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால், அல்லது 10 என்று தொடங்கினால், அது வெளியுலகம் அறியாத எண். வெளியிலிருந்து வருகிறவர் உங்கள் மோடம் வரைக்கும் வந்து சேரவே மாட்டார்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கடையில் ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு ஓரமாக வைப்பேன், ராஸ்ப்பெர்ரி பை இருந்தாலும் போதும். அதில், தூரத்திலிருந்து பூட்டிய பாதையில் உள்ளே வரவிடும் எஸ்எஸ்எச்சும், வேறு வேறு ஊர் மெஷின்களை ஒரே நெட்வொர்க்கில் இருப்பதுபோல இணைக்கும் டெய்ல்ஸ்கேலும். உங்கள் லேப்டாப்பிலும் டெய்ல்ஸ்கேல். ரெம்மினாவில் எஸ்எஸ்எச் டனல் என்ற பக்கம் இருக்கிறது, அதில் அந்த ஓரத்து லினக்ஸின் டெய்ல்ஸ்கேல் எண்ணைக் கொடுங்கள். சர்வர் என்ற இடத்தில் அப்பா மெஷினின் வீட்டு எண். விண்டோஸ் 7 இணையத்தின் முகத்தையே பார்க்காது, நீங்கள் உள்ளே போய்விடலாம். டெய்ல்ஸ்கேல் தருவதும் 100 என்று தொடங்கும் எண்தான், மோடத்தில் பார்த்ததோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டிஎல்எஸ் என்பது இரண்டு மெஷின்கள் பிறர் கேட்காமல் பேசிக்கொள்ளும் முறை. அந்த எரர் வருவது விண்டோஸ் 7 பேசும் பழைய பாஷையை இன்றைய லினக்ஸ் ஏற்காததால். ரெம்மினா அட்வான்ஸ்டு பக்கத்தில் டிஎல்எஸ் செக்யூரிட்டி லெவலை 0 ஆக்கினால் வழிவிடும். வீட்டுக்குள், டனலுக்குள் மட்டும் அது பரவாயில்லை. அப்பாவிடம் பேஜ்மேக்கர் பற்றி வாதாட நான் வரவில்லை. கார்டு அடிக்கிறவர்கள் எல்லோரிடமும் தோற்றுவிட்டேன்.

லினக்ஸில் தமிழ் 99 கீபோர்டு நன்றாக வருகிறது. ரெம்மினா ஜன்னலுக்குள் மட்டும் ஆங்கில எழுத்தாக விழுகிறது. — ஆரல்வாய்மொழி வாசகர்

ரெம்மினா எழுத்தை அனுப்புவதில்லை, எந்த விசையை அழுத்தினீர்கள் என்பதை மட்டும் அனுப்புகிறது. அது எந்த எழுத்து என்று முடிவு செய்வது எதிர்முனை. அதனால் லினக்ஸ் பக்கம் ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, விண்டோஸ் பக்கம் தமிழ் 99-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-இல் 2019 மே மாத அப்டேட்டிலிருந்து அது உள்ளேயே இருக்கிறது. மொழி மாற்றும் விசையை லினக்ஸே பிடுங்கிக்கொண்டால் ரெம்மினா பட்டையில் கீபோர்டு படம் போட்ட பொத்தானை அழுத்துங்கள். வேலண்ட் என்ற புதிய திரை ஏற்பாடு உள்ள லினக்ஸில் ஒரு தடவை அனுமதி கேட்கும், கொடுங்கள்.

விண்டோஸ் 11 ஹோமுக்குள் ரெம்மினாவால் போக முடியுமா? — தோவாளை வாசகர்

ஆர்டிபியில் முடியாது. ஹோம் பதிப்பு வெளியே போகும், உள்ளே விடாது. ப்ரோவுக்கு மாற்றக் காசு இல்லையென்றால் இதே வேலையைச் செய்யும் ரஸ்ட்டெஸ்க் என்ற சாஃப்ட்வேரைப் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம், லினக்ஸிலும் இருக்கிறது.